அப்பாவின் இரட்டைக்குழல்

வீராணம் ஏரி நிரம்பி, பிச்சாவரம் சதுப்பில் பறவைகள் வந்து இறங்கும் கார்த்திகை, மார்கழியில்தான் சிதம்பரம் சுற்றுவட்டாரத்து மிராசு வீடுகளில் துப்பாக்கிகள் ஒருகாலத்தில் வெளியே வந்தன. புலியும் காட்டெருமையும் இல்லாத டெல்டாவில் ரைஃபிளுக்கு வேலை குறைவு. உள்ளானுக்கும் கிளுவைக்கும் நாமக்கோழிக்கும் ரவை சிதறும் 12 போர் இரட்டைக்குழல்தான் தோது. 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ல் அதில் செய்த திருத்தமும் அந்த வேட்டையை முடித்துவைத்தன. நல்லதுதான். இன்று அதே பறவைகளைப் பார்க்கத்தான் படகுக்குக் காசு கொடுக்கிறோம்.

துப்பாக்கி மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் பெறுகிறது. கடலூர் உப்புக்காற்றில் துரு ஏறாமலிருக்க, குழலுக்குள் எண்ணெய்த் துணி ஓட்டுகிறார்கள். அப்பா எப்படி ஓட்டினாரோ அப்படியே. தேர்தல் தேதி அறிவித்தால் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வரும். கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் நடத்தை விதி மார்ச் 16-ல் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை நீண்டது. அத்தனை நாளும், அங்கே யார் துடைப்பார்கள் என்ற கவலை. ஆஸ்பத்திரியில் பெரியவரைச் சேர்த்துவிட்டு வந்தவர்களின் முகத்தில் இருக்கும் கவலை அது.

சிக்கல், அப்பா காலமானதும்தான் தொடங்குகிறது. லைசன்ஸ் அவர் பெயரில். வாரிசுகள் தாமதிக்காமல் துப்பாக்கியைப் போலீஸிடமோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, தன் பெயருக்குக் கேட்டு ஒருவர் கலெக்டருக்கு மனுப் போட வேண்டும். மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். நிலத்துக்குக் கையெழுத்துப் போட்ட அக்கா தங்கைகளிடம் இதற்கும் போய் நிற்க வேண்டியதுதான். லைசன்ஸ்தாரருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றலாம் என்று 2016 ஆயுத விதிகள் வழி விடுகின்றன. ஆனால் "எழுபது ஆயிடுச்சே, எழுதிக் குடுத்துடுங்கப்பா" என்று எந்தப் பிள்ளை வாய்விட்டுக் கேட்பான்?

ஆயுதச் சட்டத்தில் வந்த 2019 திருத்தம் இன்னொரு முடிச்சு. அதற்குமுன் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம்; இப்போது இரண்டுதான், பரம்பரையாக வந்ததற்கும் அதே கணக்கு. தாத்தாவுடையதா, அப்பாவுடையதா, எதைக் கொடுப்பது?

பழுதுபார்த்தாலும் இனிச் சுட முடியாத பழந்துப்பாக்கிக்கு 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்கு தருகிறது. ஞாபகத்துக்காகத்தான் என்றால் செயலிழக்க வைத்துச் சுவரில் மாட்டிவிடலாமே? அதற்கு மனம் வருவதில்லை. ஒருநாளும் சுடப்போவதில்லை, ஆனாலும் சுடக்கூடியதாகவே இருக்க வேண்டும். இந்தப் பிடிவாதத்தைக் கேலி செய்ய எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. சிதம்பரம் தேர் வீதிகளில் பாசிமணி விற்கும் நரிக்குறவர்களுக்கும் அப்பாவின் துப்பாக்கி என்று ஒன்று இருந்தது. குழல்வாய் வழியே மருந்தும் ரவையும் இடித்து நிரப்பும் ஒற்றைக்குழல். மிராசுதாருக்கு வேட்டை பொழுதுபோக்கு. இவர்களுக்கு அடுப்பு எரிந்ததே அதனால்தான். 1972 சட்டம் பறித்த பிழைப்புக்கு ஈடாக என்ன வந்தது? பழங்குடிப் பட்டியலில் இடமே 2023 ஜனவரியில்தான் கிடைத்தது. லைசன்ஸ் இல்லாமல் அந்த ஒற்றைக்குழல் பிடிபட்டால் 'நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்' என்று நான்கு வரிச் செய்தி. அப்பாவின் நினைவு என்று அங்கே யாரும் எழுதுவதில்லை. வாரிசு விதி எந்தச் சாதியையும் ஒதுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் வாரிசாக மனுப் போட, அப்பாவிடம் முதலில் ஒரு லைசன்ஸ் இருந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு நிலையான முகவரி இருந்திருக்க வேண்டும்.