மாதம் 5,000 வெள்ளி சம்பளம்: கார் கடன் உங்கள் வீட்டுக் கடனைக் குறைக்குமா?

வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது. சம்பளம் 5,000 வெள்ளி. கார் தவணை ஒழுங்காகப் போகிறது. கல்யாணம் நிச்சயமாகி, மறுவிற்பனை வீவக வீடு பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். "நல்ல சம்பளம்தானே, லோன் கிடைச்சிடும்" என்கிறார்கள் வீட்டில்.

கிடைக்கும். எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் விஷயம். உங்கள் வருமானம் எப்படி வருகிறது, அதில் எவ்வளவு ஏற்கெனவே கடன்களுக்குப் போகிறது என்ற இரண்டையும் வங்கி பார்க்கும்.

கணக்கு எளிதாக இருக்க, துணையின் சம்பளத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

இரண்டு வரம்புகள்

முதலாவது, மொத்தக் கடன் சேவை விகிதம். சிங்கப்பூர் நாணய வாரியம் 2013இல் அறிமுகப்படுத்தியது. அப்போது 60 விழுக்காடு. 2021 டிசம்பரில் 55 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வீட்டுத் தவணை, கார் தவணை, படிப்புக் கடன், கடன்பற்று அட்டை பாக்கி எல்லாம் சேர்ந்து உங்கள் மாத வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மத்திய சேம நிதி பிடிப்பதற்கு முந்திய வருமானம்தான் கணக்கு.

இரண்டாவது, அடமானச் சேவை விகிதம். வீவக வீடுகளுக்கும், கட்டுமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கும் எக்சிகியூட்டிவ் கொண்டோமினியத்துக்கும் பொருந்தும். வீட்டுத் தவணை மட்டும் வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும்.

5,000 வெள்ளிக்கு முதல் வரம்பு 2,750 வெள்ளி. இரண்டாவது 1,500 வெள்ளி.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 25 விழுக்காட்டைக் கவனியுங்கள். உங்களுக்கு அது 1,250 வெள்ளி. மற்ற கடன்களின் தவணை அதற்குள் அடங்கினால், கார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீவக வீட்டுக் கடன் ஒரே அளவுதான். கார் வாங்கினாலே வீடு போச்சு என்று பயமுறுத்துபவர்கள் இதைச் சொல்வதில்லை.

கார் தவணை 1,100, படிப்புக் கடன் 300 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,400. இடைவெளியை 150 வெள்ளி தாண்டிவிட்டது. எனவே வீட்டுத் தவணைக்கு 1,500க்குப் பதில் 1,350 வெள்ளிதான்.

வங்கி விளம்பரத்தில் என்ன வட்டி போட்டிருந்தாலும், 2022 செப்டம்பர் இறுதியிலிருந்து இந்தக் கணக்கைக் குறைந்தது 4 விழுக்காட்டு வட்டியில்தான் போடவேண்டும். 25 ஆண்டுக் கடன் என்றால், 1,500 வெள்ளித் தவணைக்குச் சுமார் 284,000 வெள்ளி கிடைக்கும். 1,350க்குச் சுமார் 256,000. வித்தியாசம் 28,000 வெள்ளி. அதை ரொக்கத்திலோ மத்திய சேம நிதியிலோ நீங்கள்தான் போடவேண்டும்.

தனியார் கொண்டோவுக்கு 30 விழுக்காட்டு வரம்பு கிடையாது. அங்கே கார் தவணையின் ஒவ்வொரு வெள்ளியும் இடிக்கும். 1,100 வெள்ளித் தவணை, ஏறக்குறைய 208,000 வெள்ளிக் கடனை விழுங்கிவிடும்!

அதே 5,000, ஆனால் கமிஷன்

இப்போது அதே 5,000 வெள்ளி முழுக்க கமிஷனாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதி முகவர், சொத்து முகவர், விற்பனை வேலை... மாறும் வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டை வங்கி கழித்துவிடும். போனஸுக்கும் அப்படித்தான். கணக்கில் நிற்பது 3,500 வெள்ளி.

அதில் 55 விழுக்காடு 1,925. அதே கார், அதே படிப்புக் கடனுக்கு 1,400 போனால், வீட்டுக்கு மிஞ்சுவது 525 வெள்ளி. கடன்? சுமார் 99,000 வெள்ளி. கையில் வரும் பணம் அதேதான், கடன் மட்டும் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு. நிரந்தரச் சம்பளத்திலிருந்து கமிஷன் வேலைக்குத் தாவ நினைப்பவர்கள், வீடு வாங்கிய பிறகு தாவலாமா என்று ஒருமுறை யோசிப்பது நல்லது.

தனியார் வாடகைக் கார் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். செயலி காட்டும் தொகையும் வருமான வரிக் கணக்கும் வேறு வேறு. உண்மையான செலவுகளைக் கணக்குக் காட்டாமல், வருமானத்தில் 60 விழுக்காட்டை அப்படியே செலவாகக் கழித்துக்கொள்ள உள்நாட்டு வருவாய் ஆணையம் அனுமதிக்கிறது. வரி குறையும், வேலையும் மிச்சம். ஆனால் 5,000 வெள்ளி ஓட்டியவரின் வரி மதிப்பீட்டுக் கடிதத்தில் 2,000 என்றுதான் இருக்கும். வங்கி கேட்பது அந்தக் கடிதத்தை. அதிலும் 30 விழுக்காடு போனால் 1,400!

கார் கடனை மாற்றினால் என்ன?

தவணையை 100 வெள்ளி குறைத்தால், 55 விழுக்காட்டு வரம்பில் இடிபடுபவருக்கு வீட்டுக் கடன் சுமார் 19,000 வெள்ளி கூடும். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் அவ்வளவு சுலபமில்லை.

கார் கடனுக்கு 7 ஆண்டுதான் உச்சவரம்பு. வேறு வங்கிக்கு மாற்றினாலும், ஏற்கெனவே கழிந்த ஆண்டுகள் அதில் சேரும். இழுத்து நீட்டித் தவணையைக் குறைக்க வழி அதிகம் இல்லை.

வட்டியும் நேரடியாகத் தெரியாது. 70,000 வெள்ளிக்கு 2.5 விழுக்காடு, 7 ஆண்டு என்றால், முழுத்தொகைக்கும் கடைசிவரை வட்டி போடுகிறார்கள். மாதம் 979 வெள்ளி. குறைந்துவரும் பாக்கியை வைத்துப் பார்த்தால் உண்மையான வட்டி ஏறக்குறைய 4.7 விழுக்காடு.

பெரும்பாலான கார் கடன்களில் வட்டியின் பெரும்பகுதி முன்கூட்டியே எடுக்கப்படுகிறது. "78 விதி" என்று அதற்குப் பெயர். 7 ஆண்டுக் கடனில் பாதித் தவணைகளைக் கட்டி முடிக்கும்போது, மொத்த வட்டியில் முக்கால் பங்கு போயிருக்கும். அதற்குமேல், முன்கூட்டியே அடைப்பதற்குக் கட்டணமும் இருக்கலாம். நான்காவது வருஷத்தில் குறைந்த வட்டிக்கு மாறினாலும், மிச்சப்படுத்த அங்கே வட்டியே அதிகம் இருக்காது.

கடைசி ஓராண்டு மட்டும் பாக்கி இருப்பவருக்கு, கடனை மாற்றுவதைவிட அடைத்துவிடுவது மேல். அந்த 1,100 வெள்ளியும் கணக்கிலிருந்து போய்விடும்.

நம் குடும்பங்களில் அடிக்கடி நடப்பது ஒன்று: "அப்பாவுக்கு வயசாயிடுச்சு, லோன் உன் பேர்ல எடுத்துக்கலாம், தவணை அப்பாவே கட்டிடுவார்." அவரே கட்டினாலும் கடன் உங்கள் பெயரில்தான் நிற்கும். வங்கி அதை உங்கள் கடனாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

கடனை அடைத்ததும் வங்கியிடம் அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். கிரெடிட் பியூரோ அறிக்கையில் மாற்றம் தெரியச் சில வாரம் ஆகலாம். அதற்குள் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தால், காட்ட அந்தக் கடிதம் உதவும்.