மலைமேல் பிறந்த பிள்ளைகளின் ரத்தம்

ஆர்.கே.புரம் தமிழ்க் குடும்பங்களில் மத்திய சர்க்கார் வேலையிலும் ராணுவத்திலும் இருப்பவர்கள் அதிகம். லடாக் பக்கம் மாற்றலாகிப் போய் வருவது நமக்குப் புதிதல்ல. போய் வந்தவர்களின் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் கூடுதலாக இருந்தால் வீட்டில் கவலைப்படுகிறார்கள். அப்படியானால் அந்த மலையிலேயே பிறந்து வளரும் பிள்ளைகளின் ரத்தம் எப்படி இருக்கும்? அடியேன் வைத்தியம் படித்தவனல்ல, பாத்திர வியாபாரி. படித்துத் தெரிந்துகொண்டதை வாசக அன்பர்களுக்கு எளிமையாகச் சொல்கிறேன்.

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலைமேல் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இங்கும் அங்கும் நூற்றுக்கு 21 பங்குதான். குறைவது காற்றின் அழுத்தம். அதனால் ஒரு மூச்சில் கடலோரத்தில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பிராணவாயுதான் அங்கே கிடைக்கும்.

இந்தக் குறைவை உணர்ந்து சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது எலும்பு மஜ்ஜையைத் தூண்ட, சிவப்பணுக்கள் பெருகுகின்றன. இதை 1890-இல் வியோ என்ற பிரெஞ்சு மருத்துவர் பெரு நாட்டு மலைகளில் கண்டார். கீழே இறங்கி வந்தால் சில வாரங்களில் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆகவே, திரும்பி வந்தவுடன் காணும் சிறு உயர்வுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இனி பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். 5 முதல் 11 வயது வரை டெசிலிட்டருக்கு 11.5 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 12 முதல் 14 வரை 12 கிராம். அதன்பின் ஆண்பிள்ளைக்கு 13, பெண்பிள்ளைக்கு 12. உயரமான ஊரானால் இந்த எல்லையைக் கூட்டணும். 2024-இல் திருத்திய கணக்குப்படி ஊட்டி உயரத்துக்குச் சுமார் 1.4, லே உயரத்துக்குச் சுமார் 2.5 கிராம். லேயில் பத்து வயதுப் பிள்ளைக்கு 12.5 இருந்தால், தில்லிக் கணக்கில் நல்ல ரத்தம். மலைக் கணக்கில் ரத்தசோகை!

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைவாசிகளுக்கு ஹீமோகுளோபின் நன்றாக ஏறுகிறது. அதே உயரத்தில் வாழும் திபெத்தியருக்கு அவ்வளவு ஏறுவதில்லை. இபிஏஎஸ்1 என்ற மரபணுவின் மாறுபட்ட வடிவம் இதற்கு ஒரு முக்கிய காரணம் என்று 2010-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ரத்தம் அதிகமாகக் கெட்டிப்படாமல் இருப்பது அவர்களுக்கு நன்மையே. லடாக்வாசிகளில் பலர் திபெத்தியரோடு மரபு உறவு உடையவர்கள். அந்தப் பிள்ளைக்கு 2.5 கிராமை அப்படியே கூட்டினால், நல்ல ஆரோக்கியமுள்ள குழந்தையை நோயாளி என்று எழுதிவிடலாம். கூட்டாமலே விட்டால், நிஜமான ரத்தசோகை தப்பிப் போகலாம்.

எங்கள் தொழிலில் பாத்திர எடையைக் கழிக்காமல் நெய் நிறுக்க மாட்டோம். எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரே எடையைக் கழித்தாலும் கணக்குத் தப்பும். இதுவும் அப்படித்தான். அதனால்தான் ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்ப்பது நல்லது. காய்ச்சல், தொற்று இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயரும் என்பதால், அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பருவ வயதில் கவனம் இன்னும் தேவை. ஆண்பிள்ளைகளுக்கு ஹார்மோனால் ஹீமோகுளோபின் ஏறும். பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கில் இரும்பு வெளியேறும். மலையில் சிவப்பணு கூடுதலாக உண்டாக இரும்பும் கூடுதலாக வேணும். எங்களைப் போலப் புலால் உண்ணாதவர்கள் கீரை, பயறு வகைகளோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட உடனே டீ, காப்பி வேண்டாம்.

மலைப் பிரதேசத்துக்கு மாற்றலாகிப் போகும் குடும்பங்கள் புறப்படுமுன் பிள்ளைகளின் ரத்த அளவைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எங்கே பரிசோதனை செய்தாலும், எந்த ஊரில், எத்தனை மாதம் இருந்தார்கள் என்பதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.