நம்ம ஊரு பேச்சுக்கு அவார்டு குடுத்திருக்காங்க பாஸ்!

‘இன்டர்வியூவுல ஊரு பேச்சு வரவே கூடாது!’ பெரம்பலூர், அரியலூர் காலேஜ்கள்ல படிக்கிற நம்ம எல்லாருக்கும் பழகிப்போன அட்வைஸ் இது. சரி, வேலைக்காக அடக்கி வாசிக்கலாம், தப்பில்லை. ஆனா, அதே ஊரு பேச்சுல எழுதி ஒருத்தர் சாகித்ய அகாடமி விருதே வாங்கியிருக்கார் தெரியுமா?

அவர் பேர் இமையம். பெரம்பலூரிலிருந்து சென்னை ரோட்டுல போய் வெள்ளாத்தைத் தாண்டினா தொழுதூர். அங்கிருந்து திட்டக்குடி, வேப்பூர், விருத்தாசலம்னு விரியுற மண்ணுதான் அவர் கதைகளோட மண்ணு. ஆத்துக்கு அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். ஆனா, பேச்சுக்கு ஏது மாவட்ட எல்லை?

மூணு குரல், ஒரு பொம்பளை

ஸ்கூல் வாத்தியாரா இருந்துக்கிட்டே எழுதின இமையத்தோட முதல் நாவல் ‘கோவேறு கழுதைகள்’ 1994-ல் வந்துச்சு. தலித் மக்களுக்குத் துணி வெளுக்கிற குடும்பம் ஒண்ணு. அந்த வீட்டு ஆரோக்கியம்தான் நாயகி. ஊர் ஒதுக்கி வெச்ச காலனி, தனக்கும் கீழே இன்னொரு குடும்பத்தை வெச்சிருக்கு. ‘இதை எழுதலாமா?’னு அப்போ பெரிய விவாதமே நடந்துச்சு.

நாவலைப் படிக்கிறப்போ ஒண்ணைக் கவனிங்க. ‘சாதி கொடுமையானது’னு ஆசிரியர் எங்கேயும் மேடை போட மாட்டார். சோறும் தவசமும் கொடுக்கிறவங்ககிட்ட ஆரோக்கியம் பேசினா கெஞ்சல். புருஷன், புள்ளைங்ககிட்ட பேசினா அதட்டல். தனியா சாமிகிட்ட முறையிட்டா, அது அப்படியே ஒப்பாரி. யார்கிட்ட எந்தக் குரல்ல பேசுறான்னு பார்த்தாலே போதும், யார் மேலே, யார் கீழேன்னு படம் போட்ட மாதிரி புரிஞ்சுடும். நாவல் சொல்ல வந்ததே அதுதானே!

2015-ல் வந்த இன்னொரு நாவல் பேரே ‘எங் கதெ’. ‘என் கதை’னு போடலை பாருங்க! கதை சொல்ற ஆள் பக்கத்துல குந்தி பேசுற மாதிரியே முழு நாவலும் ஓடும். ஒரு பெண்ணைப் பத்திப் பேசிக்கிட்டே போறான் அவன். பேசப் பேச, அவனோட யோக்கியதைதான் வெளியே வருது.

நம்மள மாதிரி ஒரு பொண்ணு

விருது வாங்கினது 2018-ல் வந்த ‘செல்லாத பணம்’. 2020-க்கான சாகித்ய அகாடமி விருது. இதை நீங்க கண்டிப்பா படிக்கணும். ஏன்னா, ரேவதி இன்ஜினீயரிங் படிச்சவ. வீட்டை எதிர்த்து, பர்மா அகதிக் குடும்பத்து ஆட்டோ டிரைவர் ரவியைக் கல்யாணம் பண்ணிக்கிறா. கடைசியில தீக்காயத்தோட புதுச்சேரி ஜிப்மர்ல கிடக்கிறா. வெளியே அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி எல்லாரும் பேசுறாங்க. பேசிக்கிட்டே இருக்காங்க. எவ்ளோ செலவானாலும் பரவாயில்லைங்கிற அப்பாவோட பணம் அந்த வாசல்ல செல்லலை. ரவியையும் பேச விடுறார் இமையம். ஒரே பக்கம் சாய்ஞ்சு தீர்ப்பு சொல்ல நம்மால முடியாமப் போகுது.

இதை எழுத்துத் தமிழ்ல எழுதினா என்னாகும்? ஒரு உதாரணம், இது என் சொந்தச் சரக்கு. ‘மகளின் நிலை கண்டு தாய் பெருந்துயரடைந்தார்.’ இது செய்தி. ‘எம் பொண்ணு சூடு தாங்க மாட்டாளே, கஞ்சியக்கூட ஆத்தித்தான குடிப்பா...’ இது அந்தத் தாய். ரெண்டும் ஒரே துக்கம்தான். ரெண்டாவதுதான் நம்மளை அந்த வராண்டாவுல நிறுத்துது.

மெக்கானிக் போட்ட அகராதி

‘வட்டார வழக்கு புரியலையே’னு வேற ஊர் ஃப்ரெண்ட்ஸ் சொல்வாங்க. அதுக்கும் ஒருத்தர் வழி பண்ணியிருக்கார். விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லைக்காரர் கண்மணி குணசேகரன். ‘அஞ்சலை’ நாவல் எழுதினவர். நம்ம ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் மாதிரியே அவரோடதும் முந்திரிக்காட்டு பூமி. அரசு பஸ் டெப்போவுல மெக்கானிக் வேலை பார்த்தவர், ‘நடுநாட்டுச் சொல்லகராதி’னு ஊர்ச் சொல்லையெல்லாம் திரட்டி புத்தகமே போட்டார். ஸ்பேனர் புடிச்ச கை அது!

அதனால, இந்த செமஸ்டர் லீவுல ஒரு வேலை செய்யுங்க. மாவட்ட நூலகத்துல இமையத்தோட நாவல் ஒண்ணைத் தேடிப் புடிங்க. ஒரு அத்தியாயத்தை வாய்விட்டு, அதுவும் உங்க அம்மா பக்கத்துல உக்காந்து படிங்க. எந்தச் சொல்லைக் கேட்டதும் அவங்க சிரிக்கிறாங்க, எங்க சட்டுனு அமைதியாயிடுறாங்கன்னு பாருங்க. நாவல் என்ன சொல்லுதுங்கிறது அங்கேதான் இருக்கு. இன்டர்வியூவுல எப்படி வேணா பேசிக்கலாம். ஆனா, அம்மா பேசுறது நமக்கே புரியாமப் போற அளவுக்கு மாறிட வேண்டாமே பாஸ்!