தனிஸ்லாஸ்: போலந்து தந்த பெயர்

மன்னார்த் தீவிலே, தலைமன்னாருக்குச் செல்லும் வீதியில் அமைந்தது தாராபுரம். முஸ்லிம் மக்களின் ஊர். அங்கே ‘இபுறாகீம்’ என்ற பெயரைக் கேட்போர் அது அரபு மொழி வழியாக வந்ததென உடனே உணர்வர். அவ்வீதியிலேயே மேலும் சென்றால் கத்தோலிக்கர் வாழும் பேசாலை. அக்கரையோரக் குடும்பங்களில் வழங்கும் ‘தனிஸ்லாஸ்’ எந்நாட்டுப் பெயர் என்பதை அத்துணை எளிதில் கூறிவிட இயலாது. இலத்தீன் போல ஒலித்தாலும் அதன் தாயகம் ஸ்லாவிய மொழிகளே.

‘ஸ்தானிஸ்லாவ்’ என்பது மூலவடிவம். முற்பகுதி நிலைத்தலையும், ‘ஸ்லாவ’ என்னும் பிற்பகுதி புகழையும் குறிக்கும். புகழில் நிலைத்தவன் எனலாம். நாம் அறிந்த ‘ஸ்தானம்’ என்னும் வடசொல்லும் அம்முற்பகுதிக்குத் தூரத்து உறவே.

போலந்தில் 1079-ஆம் ஆண்டு அரசனால் கொல்லப்பட்ட ஆயர் ஒருவர் இப்பெயரைப் புனிதமாக்கினார். ஆனால் மாணவர் நெஞ்சைக் கவர்பவர் மற்றொருவர். ஸ்தனிஸ்லாஸ் கொஸ்கா என்னும் அவ்விளைஞர், தந்தையின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது, 1567-இல் வியன்னாவிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, உரோமாபுரி சென்று இயேசு சபையிற் சேர்ந்தார். மறு ஆண்டே, பதினெட்டு வயது நிரம்புமுன் மறைந்தார். 1726-இல் அவரும் அலோசியஸ் கொன்சாகாவும் ஒரே நாளிற் புனிதராக அறிவிக்கப்பட்டனர்.

இங்கேதான் ஒரு வியப்பு. அலோசியஸ் தமிழில் ஞானப்பிரகாசியார் ஆனார். பேதுரு இராயப்பரானார், பவுல் சின்னப்பரானார். ஸ்தனிஸ்லாஸுக்கோ மொழிபெயர்ப்பு நிலைபெறவில்லை. நம் நாவே அதைத் திருத்திக்கொண்டது. சொல்லின் முதலில் இரு மெய்கள் கூடி நிற்பதைத் தமிழ் ஏற்பதில்லை. ஆகவே முதலிலுள்ள ‘ஸ்’ உதிர்ந்து ‘தனிஸ்லாஸ்’ பிறந்தது. இதில் வரும் ‘தனி’ நம் தமிழ்ச் சொல்லன்று, ஓசை ஒப்புமைதான்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்திற் பிறந்து, பழங்குடி மக்களுக்காக உழைத்து, 2021-இல் விசாரணைக் கைதியாகவே மறைந்த ஸ்டான் சுவாமி அடிகளின் ‘ஸ்டான்’ இப்பெயரின் சுருக்கமே. ஈழத்திலோ, 1913-இல் ஊர்காவற்றுறைக் கரம்பொனிற் பிறந்த தமிழறிஞர் தனிநாயகம் அடிகளாரின் திருமுழுக்குப் பெயர் சேவியர் நிக்கலஸ் ஸ்தனிஸ்லாஸ். பின்னர்த் தனிநாயகம் என்ற தமிழ்ப் பெயரை ஏற்றார். எனினும், ஆங்கில நூல்களில் ‘சேவியர்’, ‘தனிநாயகம்’ ஆகிய இரண்டுக்கும் இடையே ‘எஸ்’ என்ற ஓரெழுத்தை விடாது வைத்திருந்தார்.