வன்பொருள் மாற்றத்திற்குப் பின் கணினி உறைதல்

கணினி உறைதல் என்பது திரையில் உள்ள காட்சி அப்படியே நிற்க, சுட்டியும் விசைப்பலகையும் பயனற்றுப் போகும் நிலையாகும். ரேம், எஸ்.எஸ்.டி., மின்விசிறி போன்ற ஓர் உறுப்பை மாற்றிய பின் இது தொடர்ந்து நிகழ்ந்தால், புதிய உறுப்பு, அதன் இணைப்பு, அதற்கான மென்பொருள் ஆகிய மூன்றையும் வரிசையாக ஆராய வேண்டும்.

பின்னணி

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கப்பட்டது. இத்தகைய பழைய மடிக்கணினிகளில் வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்துவதும் ரேமைக் கூட்டுவதும் மாணவரிடையே வழக்கம். கரையான்சாவடி, பூந்தமல்லி போன்ற புறநகர்களில் இருந்து சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்று உதிரிபாகம் வாங்கி வந்து வீட்டிலேயே மாற்றுவோரும் உண்டு.

முதலில் செய்ய வேண்டியது

கணினி இயங்கும் இடைவெளியில் பாடக் குறிப்புகள், சான்றிதழ் நகல்கள், புகைப்படங்கள் ஆகியவற்றைப் பென்டிரைவில் படியெடுத்துக் கொள்ள வேண்டும். உறையும்போதெல்லாம் மின்பொத்தானை அழுத்தி அணைப்பதால் கோப்புகள் சிதையக்கூடும். உதிரிபாகத்தை மீண்டும் வாங்கலாம். கோப்புகளை வாங்க முடியாது.

காரணங்கள்

ரேம்: டி.டி.ஆர்.3 வகை 1.5 வோல்ட்டிலும், டி.டி.ஆர்.3எல் வகை 1.35 வோல்ட்டிலும் இயங்குவன. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. ஒரே செருகுவாயில் பொருந்தும். ஆனால் 1.35 வோல்ட் மட்டுமே தரும் மடிக்கணினியில் முதல் வகையைப் பொருத்தினால் அது தொடங்காமலோ நிலையற்றோ இருக்கும். மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலைக் கொண்டு சோதிக்கலாம். அதில் ஒரு பிழை தோன்றினாலும் அது குறைபாடே.

எஸ்.எஸ்.டி.: மேசைக் கணினியில் தளர்ந்த சாட்டா கேபிளே பல நேரங்களில் காரணம். வட்டின் ஸ்மார்ட் அறிக்கையில் சி.ஆர்.சி. பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், வட்டைக் குறை கூறும் முன் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும்.

வெப்பம்: குளிர்விப்பானைக் கழற்றி மாட்டியபின் தெர்மல் பேஸ்ட் புதிதாக இடப்படாவிட்டால் செயலி சூடேறும். இத்தகைய கோளாறு சித்திரை, வைகாசி வெயிலில் கூடுதலாகத் தெரியும்.

மின்வழங்கி: புதிய கிராபிக்ஸ் அட்டைக்குப் போதிய மின்சாரம் கிடைக்காவிட்டால் விளையாட்டு, காணொளித் தொகுப்பு போன்ற பளுவான பணிகளின்போது மட்டும் கோளாறு தோன்றும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எவரும் பிரிக்கக் கூடாது. இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் மின்னூட்டம் எஞ்சியிருக்கும்.

கண்டறியும் முறை

1. உறைந்த நிலையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்துக. அதன் விளக்கு மாறினால் கணினி முழுமையாக நின்றுவிடவில்லை; காட்சி இயக்கி மென்பொருளில் கோளாறு இருக்கலாம்.

2. கணினியை அணைத்து, மின் இணைப்பையும், கழற்றக்கூடியதாயின் மின்கலத்தையும் நீக்கி, புதிய உறுப்பைக் கழற்றி மீண்டும் அழுத்தமாகப் பொருத்துக.

3. பென்டிரைவில் இருந்து லினக்சை இயக்குக. அங்கும் உறைந்தால் வன்பொருளில் ஐயம் வலுக்கும். உறையாவிட்டால் விண்டோஸ், அதன் டிரைவர்கள், அது நிறுவப்பட்ட வட்டு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

4. பழைய உறுப்பைத் திரும்பப் பொருத்துக. கோளாறு நீங்கினால் புதிய உறுப்போ அதன் பொருத்தமின்மையோ காரணம். நீங்காவிட்டால், பிரித்தபோது வேறு ஏதோ இணைப்பு தளர்ந்திருக்கலாம். எனவே பழைய உறுப்பை உடனே விற்றுவிடக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் குணமாகும். எதனால் என்று தெரியாது. நாளுக்கு ஒருமுறை உறையும் கணினி ஒரு மணி நேரம் ஓடியதைக் கொண்டு சரியாகிவிட்டது எனக் கருதவும் கூடாது.

தவறான முடிவு

விண்டோஸ் நிகழ்வுப் பதிவேட்டில் காணப்படும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைக் கண்டு மின்வழங்கி பழுது என்று பலர் முடிவு செய்கின்றனர். கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதையே அது குறிக்கிறது, காரணத்தை அன்று. அதை நம்பி நல்ல உறுப்பை மாற்றினால் செலவே மிஞ்சும்.