பாலத்தில் நின்ற மாப்பிள்ளை கார்! பழி கார்புரேட்டர் மீது; குற்றவாளி வேறு!!

முகூர்த்தம் காலை 6 மணிக்கு மேல் 7½ மணிக்குள். இடம், வடபழனி முருகன் கோவில். ஆனால் 6 மணி 20 நிமிடத்துக்கு மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்த இடம், கோடம்பாக்கம் மேம்பாலம்!

2024-ம் ஆண்டு ஆவணி மாதம் நடந்த சம்பவம் இது. பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, பக்கத்தில் தோழன், பின்னால் பூ ஜோடித்த வெள்ளை அம்பாசிடர். பாலம் ஏறும்போது கார் இரண்டு தடவை குலுங்கியது. இருமியது. நின்றுவிட்டது. டிரைவர் "செல்ப்" அடித்துப் பார்த்தார். பானெட்டைத் திறந்தார். பெட்ரோல் பம்ப் மீது ஈரத் துணியைப் போட்டார். கார் அசையவில்லை.

பஸ்சில் போனவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் தாய் மாமன் கையைக் காட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தினார். மாலையோடு மாப்பிள்ளை ஆட்டோவில் ஏறினார். தாலி நேரத்துக்குக் கட்டியாகிவிட்டது. அதில் குறை இல்லை. ஆனால் கார்க்காரருக்கு வாடகை வரவில்லை. கல்யாண வீட்டார் கேட்ட கேள்விகள்தான் வந்தன.

அவருக்கு வயது 62. ஓட்டேரியைச் சேர்ந்தவர். முன்பு டாக்சி ஓட்டியவர். 1984-ம் வருட மாடல் அம்பாசிடர் ஒன்றை வாங்கி, வெள்ளைப் பெயிண்ட் அடித்து, கல்யாணத்துக்கும் சினிமா படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விட்டு வருகிறார். வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் காரை நம்பித்தான். பாலத்தில் நின்ற செய்தி பரவியதும், அடுத்த முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்த இரண்டு பேர் வந்து பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

3 மெக்கானிக், 3 தீர்ப்பு

உண்மையில் அந்தக் கார் நிற்பது அன்றைக்குப் புதிது அல்ல. ஒரு மாதமாகவே தகராறு. காலையில் எடுத்தால் ஒழுங்காகக் கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும் திணறி நிற்கும். அரை மணி நேரம் ஓரமாக நிறுத்திவிட்டு மறுபடி சாவி போட்டால், ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும்!

முதல் மெக்கானிக் காரைப் பார்த்தார். "கார்ப்பரேட்டர் போச்சு சார்" என்றார். ரிப்பேர் கிட் என்று ஒன்றை வாங்கிப் போட்டார். நீடில் வால்வு, டயாபிரம், பேக்கிங் எல்லாம் அதில் அடக்கம். ரூ.1,200 ஆயிற்று. மூன்றாம் நாளே கார் அயனாவரத்தில் நின்றது.

இரண்டாவது மெக்கானிக் பிளக்கைக் கழற்றினார். வெள்ளையாக இருந்தது. "பெட்ரோல் பத்தல" என்றார். அதுவரை சொன்னது சரிதான். ஆனால் அடுத்து செய்த காரியம்தான் வினை. ஜெட்டைக் கழற்றி, ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தார். ரூ.2,500 வாங்கினார். அன்று முதல் கரும்புகை கிளம்பியது. லிட்டருக்கு 10 கிலோ மீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த கார் 7-க்கு இறங்கியது. நிற்பது மட்டும் நிற்கவில்லை!

புகைப் பரிசோதனையிலும் கார் தேறவில்லை. அந்தக் காலத்துப் பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவிகிதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. இது அதைத் தாண்டியது.

மூன்றாவது மெக்கானிக் புகையைப் பார்த்தார். "ரிங் போச்சு, எஞ்சினை இறக்கணும்" என்று ரூ.45,000-க்கு எஸ்டிமேட் கொடுத்தார். மகளின் வளையலை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடந்தது.

புதுப்பேட்டை பாய்

யாரோ சொல்லி, அவர் காரைப் புதுப்பேட்டைக்கு ஓட்டிப் போனார். ஆதித்தனார் சாலையை ஒட்டிய சந்துகள். மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா தொழிற்சாலை 2014-ல் அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனாலும் அந்தக் காருக்கு என்ன சாமான் வேண்டுமானாலும் இங்கே குவியலில் இருந்து எடுத்துக் கொடுப்பார்கள். அங்கே ஒரு சந்தில் எழுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் அவரை "பாய்" என்றுதான் அழைக்கிறார்கள்.

பாய் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் ஒரு டீ சொன்னார். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். போலீஸ் விசாரணை தோற்றது!

"எத்தினி நேரத்துல நிக்குது?"

"சில நாள் அரை மணி, சில நாள் ஒண்ணரை மணி நேரம் கூட ஓடுது பாய்."

"டாங்க்ல பெட்ரோல் எவ்ளோ இருந்தா சீக்கிரம் நிக்குது?"

கார்க்காரர் யோசித்தார். கல்யாணத்தன்று டாங்க்கை முட்ட முட்ட நிரப்பியிருந்தார். அரை மணியில் நின்றது. பெட்ரோல் அடிமட்டத்தில் இருந்த நாட்களில்தான் அதிக நேரம் ஓடியது. அதைச் சொன்னார்.

பாய் சிரித்தார். "கம்மியா இருந்தா ஓடுது, ரொம்ப இருந்தா நிக்குது. இது கார்ப்பரேட்டர் பண்ற வேலை இல்ல சார்" என்றார்.

டாங்க்கை நிரப்பச் சொல்லி, தானும் ஏறிக்கொண்டார். கூடவே ஒரு பையன், கையில் ஸ்பேனர். எழும்பூர், பூந்தமல்லி நெடுஞ்சாலை என்று சுற்றினார்கள். நாற்பது நிமிடத்தில் கார் திணறி நின்றது. பாய் கார்புரேட்டரின் மேல் மூடியைக் கழற்றினார். உள்ளே மிதவை இருக்கும் கிண்ணத்தில் பெட்ரோல் ஏறக்குறைய இல்லை! பெட்ரோல் வந்து சேரவே இல்லை என்றால் கார்புரேட்டர் என்ன செய்யும்?

"பின்னாடி போய் டாங்க் மூடியைத் தொறடா" என்றார் பையனிடம். சாவி போட்டுத் திருகியதும் "புஸ்ஸ்..." என்று சத்தம். காற்று உள்ளே பாய்ந்தது. கார்புரேட்டரை மூடி, பம்பில் இருக்கும் கை லீவரை நாலு தடவை அடித்து, சாவி போட்டார்கள். கார் உடனே கிளம்பிவிட்டது! அரை மணி நேரம் காத்திருக்கத் தேவைப்படவில்லை.

திருடனுக்குப் பயந்து...

விசாரித்ததில் முழுக் கதையும் வெளிவந்தது. கார் இரவில் தெருவில்தான் நிற்கும். யாரோ டியூப் விட்டு பெட்ரோல் உறிஞ்சி வந்தார்கள். நாலு லிட்டர் பெட்ரோலுக்கு ஸ்டேஷனுக்குப் போய் நிற்பதா என்று கார்க்காரர் புகார் கொடுக்கவில்லை. பதிலாக, பூட்டுப் போட்ட மூடி ஒன்றை வாங்கி மாட்டினார். அது வேறு வண்டிக்கு உரிய மூடி. அதில் காற்றுத் துவாரம் கிடையாது.

பழைய டாங்க் துருப்பிடித்துப் போனதால், பல வருடங்களுக்கு முன்பே தகரப் பட்டறையில் செய்த டாங்க்கைப் பொருத்தியிருந்தார்கள். அதற்குத் தனிக் காற்றுக் குழாய் வைக்கவில்லை. பழைய மூடியில் இருந்த துவாரம்தான் டாங்க்குக்கு மூக்கு. புது மூடி அதையும் அடைத்துவிட்டது!

பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் டாங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகும். ஒரு கட்டத்தில் பம்ப் இழுத்தாலும் பெட்ரோல் வராது. டாங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்று கொஞ்சம்தான். அதனால் ஒரு லிட்டர் குறைந்ததுமே இழுப்பு கடுமையாகிவிடும். பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து கொடுக்கும். கார் நின்ற பிறகு, இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று புகுந்து சரியாகும். அந்த அரை மணி நேரத்தில் ஈரத் துணி போட்டவர், துணியால்தான் சரியானது என்று நினைத்துக்கொண்டார்.

ஈரத் துணி வைத்தியம் பொய் அல்ல. கோடை வெயிலில், நெரிசலில் ஊர்ந்து போகும்போது பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வது உண்டு. அதற்குத் துணி கேட்கும். ஆனால் ஆவணி மாதம் விடியற்காலையில், காலி ரோட்டில் நின்ற காருக்கு அந்த வியாதி இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

எரிந்திருக்கும்!

மூடி விவகாரம் முடிந்தது. ஆனால் முன்னவர்கள் செய்துவிட்டுப் போன வேலை பாக்கி இருந்தது. பாய் கார்புரேட்டருக்குக் கீழே விரலை விட்டுத் தடவினார். ஈரம். பெட்ரோல் வாடை. கிட்டில் வந்த மட்டமான பேக்கிங் ஊறி, கசிந்துகொண்டிருந்தது. அம்பாசிடரில் கார்புரேட்டரும் புகை போகும் மேனிபோல்டும் எஞ்சினுக்கு ஒரே பக்கம். மேலே பெட்ரோல், கீழே நெருப்பாகக் கொதிக்கும் இரும்பு. நாலு சொட்டு விழுந்தால் போதும். முந்தின வாரம் அதே காரில் ஆறு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போனதை நினைத்து, கார்க்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கழற்றிப் போட்ட சோலெக்ஸ் கார்புரேட்டரை வைத்துக்கொண்டு பாய் கூறியதாவது:-

"கார்ப்பரேட்டர் மேல கை வெக்கிறதுக்கு முன்னாடி பிளாட்டினம் பாயிண்டைப் பாரு, பிளக்கைப் பாரு. பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லி மீட்டர் இருக்கணும். கரெண்டு சரியா இல்லாத வண்டிக்கு கார்ப்பரேட்டரைத் திருகிகிட்டு இருந்தா பொழுதுதான் போகும். பிளக் நுனி பிஸ்கட் கலர்ல இருந்தா நல்லது. கரியா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி. வெள்ளையா இருந்தா பெட்ரோல் கம்மி, இல்லாட்டி எங்கியோ காத்து புகுது.

"கரும்புகை வந்தா அது பெட்ரோல். ரிங் போனா நீலப் புகை வரும், ஆயில் குறையும். இந்த வண்டியில ஆயில் குறையவே இல்ல. எதுக்கு எஞ்சினை இறக்கறது?"

ஜெட்டுகளை எடுத்துக் காட்டினார். சோலெக்ஸ் ஜெட்டில் எண் அடித்திருக்கும். 120 என்று இருந்தால் துவாரம் 1.20 மில்லி மீட்டர். கம்பி விட்டுக் குடைந்தால் எண் மாறாது, துவாரம் பெரிதாகிவிடும்! பார்க்கிறவர் எண்ணைப் பார்த்துவிட்டு, ஜெட் சரி என்று சொல்லிவிடுவார். அடைத்த ஜெட்டை பெட்ரோலில் ஊறப் போட்டு, காற்றடித்துத்தான் சுத்தம் செய்யவேண்டும். குடைந்த ஜெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாய் அதே எண்ணில் வேறு மாட்டினார்.

பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தார். உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சத்தம் கேட்கும். சந்தேகம் தீர வெந்நீரில் அமுக்கினார். குமிழி வரவில்லை. ஓட்டை இல்லை. கிட்டில் வந்த நீடில் வால்வு சரியாக உட்காரவில்லை. வாயால் ஊதினாலே காற்று போயிற்று. பெட்ரோல் வழிவதற்கு அதுவும் ஒரு காரணம். அதையும் மாற்றினார்.

ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு நொடி மயங்கினால், எஞ்சினை நிறுத்திவிட்டு கார்புரேட்டர் வாய்க்குள் எட்டிப் பார்க்கவேண்டுமாம். திராட்டிலைத் திறக்கும்போது பெட்ரோல் பீச்சி அடிக்கவேண்டும். அடிக்கவில்லை என்றால் டயாபிரம் கிழிந்திருக்கும். சோக் இழுத்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் பைலட் ஜெட் அடைப்பு, அல்லது பேக்கிங் வழியாகக் காற்று. கண்டுபிடிக்க, ஓடும் எஞ்சினில் மேனிபோல்டு இணைப்பு ஓரமாகச் சோப்புத் தண்ணீர் தடவுகிறார்கள். காற்று புகும் இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்பட்டு, எஞ்சின் சத்தம் மாறும். சிலர் பெட்ரோலையே ஊற்றிப் பார்க்கிறார்கள். அது தற்கொலைக்குச் சமம்!

கடைசியில் செட்டிங். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, மிக்சர் ஸ்குருவை மெதுவாக உள்ளே திருகினார், திணறும் வரை. பிறகு வெளியே, சத்தம் சீராகும் வரை. ஸ்குருவை இறுக்கி முடுக்கினால் நுனி தேய்ந்து, அப்புறம் எந்த செட்டிங்கும் நிற்காது.

புதுப் பெட்ரோல், பழைய ரப்பர்

பெட்ரோல் குழாயையும் பாய் விடவில்லை. ரப்பர் உப்பி, அமுக்கினால் மாவு மாதிரி இருந்தது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-ல் 10 சதவிகிதமாகவும், 2025-ல் 20 சதவிகிதமாகவும் உயர்ந்தது. 2023-ம் ஆண்டு ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் அதைத் தாங்கும் ரப்பர் இருக்கிறது. 1984-ம் வருடக் கார் எத்தனாலைக் கண்டதே இல்லை. பழைய ரப்பர் இளகுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கிறது. மாதக் கணக்கில் நிற்கும் காரில் தண்ணீர் அடியில் தங்கி, கார்புரேட்டர் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி பூக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சாதாரண பெட்ரோல் 1 கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதனால் பழைய ஜெட்டில் கலவை கொஞ்சம் இளைத்துவிடுகிறது. பிளக் வெளுத்தால் ஜெட்டை ஒரு எண் கூட்டலாம் என்கிறார் பாய். எண் பார்த்துக் கூட்டவேண்டும், கம்பியால் அல்ல.

எத்தனால் தாங்கும் குழாய், ஜெட், நீடில், பேக்கிங், கூலி எல்லாம் சேர்த்து ரூ.1,850 ஆயிற்று. வளையல் வீட்டிலேயே இருக்கிறது. மறு வாரம் புகைப் பரிசோதனையில் கார் தேறியது. ஐப்பசி மாதம் பெரம்பூரில் இருந்து திருவேற்காடு வரை ஒரு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய், எங்கும் நிற்காமல் திரும்பி வந்தது.

காற்றுத் துவாரம் உள்ள பூட்டு மூடிக்காக கார்க்காரர் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினார். நாலாவது கடையில் கிடைத்தது. ஊதிப் பார்த்துத்தான் வாங்கினார். பழைய மூடி பாயின் தகர டப்பாவில் கிடக்கிறது. ஓட்டேரியில் பெட்ரோல் உறிஞ்சிய ஆள் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.