ஒரு பாடல் - இரு கருத்துகள்

நம் மதுரையை அடுத்த மேலூர்ப் பகுதியைச் சேர்ந்த இயக்குநர் சேரன் எடுத்து 2004ஆம் ஆண்டில் வெளிவந்த படம் 'ஆட்டோகிராப்'. அதில் வரும் 'ஒவ்வொரு பூக்களுமே' என்னும் பாடலைக் கேளாதார் நம்மில் யார்? பா. விஜய் எழுத, பரத்வாஜ் இசையமைக்க, சித்ரா பாடினார். எழுதியவரும் பாடியவரும் தேசிய விருது பெற்றனர்.

ஆயினும் இப்பாடலைப் பற்றி இரு கருத்துகள் உண்டு. தமிழறிந்தோர் முதலடியிலேயே பிழை காண்பர். 'ஒவ்வொரு' என்பது ஒன்றொன்றாக எண்ணிக் காட்டும் சொல். ஆகவே அதன்பின் ஒருமையே வரும். 'ஒவ்வொரு பூவும்' என்பதே சரி. பன்மை வேண்டுமெனில் 'எல்லாப் பூக்களும்' எனலாம். வேறு சிலரோ, "பாட்டுக் கேட்டால் மதிப்பெண் வந்துவிடுமா?" என்பர்.

ஆனால் கணக்குத் தேர்வில் தவறி அழுத தோழிக்கு நாங்கள் பாடியது இப்பாடலையே. படத்தில் பார்வையற்ற கலைஞர்கள் இதை மேடையில் இசைக்கின்றனர். அதனால் இது வெற்று ஆறுதலாகத் தோன்றவில்லை. துன்பம் அறிந்தோர் சொல்லாகவே ஒலிக்கிறது. தோழியின் அழுகை நின்றது. கணக்கை மட்டும் அவளேதான் போட்டுப் பழக வேண்டியிருந்தது!

ஆகவே தோழியரே, சோர்ந்தவளுக்கு இப்பாடலைப் பாடுவோம். தேர்வுத்தாளில் 'ஒவ்வொரு பூவும்' என்றே எழுதுவோம்.